மீனின் மூளை சொல்லும் பூச்சி மருந்துக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் காவிரி டெல்டாவின் ஒரு கிராமத்திலிருந்து இருவர் என்னைப் பார்க்க வந்தனர். ஒருவர் ஊர்க்குளத்தின் மீன்பாசியைக் குத்தகைக்கு எடுத்தவர். மற்றவர் குளத்திற்கு மேல்புறம் இரண்டு ஏக்கர் குறுவை நட்டிருந்தவர். குளத்தில் ஒரே நாளில் மீன்கள் செத்து மிதந்தன. "இவர் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்துவிட்டு வடிகாலைத் திறந்துவிட்டார், ஐயா" என்றார் குத்தகைக்காரர். "நான் மருந்து அடித்து ஐந்து நாள் கழித்துத்தான் மடையைத் திறந்தேன். மூன்று நாளாக மூடாக்கு வானம். தண்ணீரில் காற்று இல்லாமல் மீன் செத்திருக்கிறது" என்றார் நெல் விவசாயி.

இருவர் சொன்னதும் நடக்கக்கூடியதே. எது நடந்தது என்று கேட்டார்கள். செத்த மீன் எங்கே என்று நான் கேட்டேன். நாற்றம் தாங்காமல் அன்றைக்கே குழி வெட்டிப் புதைத்துவிட்டார்களாம். அவர்கள் வந்தது நான்காம் நாள். ஆகவே என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அடுத்தடுத்த வீட்டுக்காரர்களான அவ்விருவரும் பேச்சுவார்த்தை இல்லாமலே திரும்பிப் போனார்கள்.

புதைத்த அந்த மீன்களில் ஒரு பத்து மீன் ஐஸ் கட்டியில் வைக்கப்பட்டிருந்தால், வழக்கில் பாதியாவது தீர்ந்திருக்கும். ஏனெனில் ஒரு வகைப் பூச்சி மருந்து பட்டதா இல்லையா என்பதை மீன் தன் மூளையில் எழுதி வைத்துக் கொள்கிறது. அந்த எழுத்தைப் படிக்கும் முறையைப் பற்றியும், அதில் விவசாய அன்பர்களுக்கு என்ன பயன் என்பதைப் பற்றியும் இங்கு பார்ப்போம்.

நரம்பின் சுவிட்சை அணைக்கும் நொதி

பம்புசெட் மோட்டாரை எடுத்துக் கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டால் ஓடும். அணைத்தால் நிற்கும். அணைக்க வேண்டிய ஆளின் கையைக் கட்டிப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து, சூடேறி, கடைசியில் புகைந்து நின்றுவிடும்.

உடலில் நரம்பும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கோ தசைக்கோ செய்தி அனுப்பும்போது, நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் சிறிதளவு வெளிப்படுகிறது. இதுதான் சுவிட்சைப் போடுவது. உடனே தசை சுருங்குகிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் அந்த அசிட்டைல்கோலினை உடைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி காத்திருக்கிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலின் எஸ்ட்ரேஸ். சுருக்கமாகக் கோலின் எஸ்ட்ரேஸ் என்போம். இதுதான் சுவிட்சை அணைக்கும் ஆள். கண் இமைக்கும் நேரத்திற்குள் இந்த வேலை முடிந்துவிடும்.

பாஸ்பரஸ் வகைப் பூச்சி மருந்துகளும் கார்பமேட் வகைப் பூச்சி மருந்துகளும் இந்த நொதியைத்தான் பிடித்துக் கட்டிப் போடுகின்றன. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், புரோபெனோபாஸ், அசிபேட், டைமெத்தோயேட் ஆகியவை பாஸ்பரஸ் வகை. கார்போபியூரான், கார்போசல்பான், மெத்தோமில், தையோடிகார்ப் ஆகியவை கார்பமேட் வகை. நொதி கட்டுப்பட்டதும் நரம்பின் செய்தி நிற்காமல் ஓடுகிறது. புழு துடிக்கிறது, வலிப்புக் கண்டு சாகிறது.

இரண்டு வகைக்கும் முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. கார்பமேட் போட்ட கட்டு தளர்ந்த கட்டு. சில மணி நேரத்தில் தானாக அவிழ்ந்து நொதி பழைய நிலைக்கு வந்துவிடும். பாஸ்பரஸ் மருந்து போட்ட கட்டு இறுகிய கட்டு. நேரம் ஆக ஆக இன்னும் இறுகும். பெரும்பாலும் அவிழாது. உடல் புதிதாக நொதியை உற்பத்தி செய்துதான் இழப்பை ஈடுகட்ட வேண்டும். மீனுக்கு இதற்குப் பல வாரங்கள் ஆகும்.

புழுவுக்கு உள்ள இதே நொதிதான் மீனுக்கும், நண்டுக்கும், இறாலுக்கும், நத்தைக்கும், மாட்டுக்கும், மனிதனுக்கும் இருக்கிறது. மருந்து ஆள் பார்த்து வேலை செய்வதில்லை.

தண்ணீரைச் சோதித்தால் போதாதா?

மீனை ஏன் பார்க்க வேண்டும், குளத்துத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதித்தால் ஆகாதா என்று கேட்கலாம். தண்ணீர்ச் சோதனையும் வேண்டியதுதான். ஆனால் அதில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, தண்ணீர் ஓடிவிடும். காலையில் வந்த மருந்துத் தண்ணீர் மாலையில் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். நாம் புட்டியில் பிடிப்பது அதற்குப் பின் வந்த நல்ல தண்ணீராக இருக்கலாம். மீனோ இரவு பகலாக அதே நீரில் கிடந்து, செவுள் வழியாக எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக் கொண்டிருக்கிறது.

இரண்டாவது, பல பாஸ்பரஸ் மருந்துகள் தண்ணீரில் நீண்ட நாள் தங்குவதில்லை. வெயிலிலும் நீரிலும் சிதைகின்றன. சேற்றில் ஒட்டிக் கொள்கின்றன. மருந்து மறைந்த பின்னும் மீனின் மூளையில் அது விட்டுச் சென்ற அடையாளம் வாரக்கணக்கில் இருக்கும்.

மூன்றாவது, எத்தனை மருந்து இருக்கிறது என்று தண்ணீர் சொல்லும். அது உயிருக்கு என்ன செய்தது என்று சொல்லாது. இரண்டு மூன்று மருந்துகள் சிறிது சிறிதாகக் கலந்திருந்தால் ஒவ்வொன்றும் தனியாகக் குறைவாகவே தெரியும். எல்லாம் ஒரே நொதியைத் தாக்கும்போது மொத்தக் கணக்கு மீனின் உடலில்தான் தெரியும்.

இன்னொரு நுட்பமான விஷயமும் இருக்கிறது. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் டப்பாவில் இருக்கும் உருவில் நொதியை அவ்வளவாகத் தாக்குவதில்லை. உடலுக்குள் போய்க் கல்லீரலில் மாற்றம் அடைந்த பிறகே கடும் விஷமாகின்றன. எனவே, நொதியை மட்டும் கண்ணாடிக் குழாயில் வைத்துத் தண்ணீரைச் சோதித்தால் சில சமயம் ஏமாந்து போவோம். உயிருள்ள மீன் அந்த மாற்றத்தைத் தானே செய்து, உண்மையான விளைவைக் காட்டிவிடுகிறது.

ஒரு மூடி மருந்தின் கணக்கு

"நான் அடிப்பது கொஞ்சம், குளமோ பெரிது" என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குளோர்பைரிபாஸ் 20 இ.சி. மருந்தில் லிட்டருக்கு 200 கிராம் வீரியப் பொருள் இருக்கிறது. ஏக்கருக்கு 500 மில்லி தெளித்தால் 100 கிராம் வீரியப் பொருள் வயலுக்குப் போகிறது. ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். தெளித்ததில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் தண்ணீரில் விழுந்தாலும், ஒவ்வொரு லிட்டரிலும் 100 மைக்ரோகிராம் இருக்கும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இது அதிகமா, குறைவா? மீனின் இனத்தைப் பொறுத்து, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் முதல் சில நூறு மைக்ரோகிராம் வரை இந்த மருந்து இருந்தாலே நான்கு நாளில் பாதி மீன்கள் செத்துவிடும். மீன் குஞ்சுக்கு இரையாகும் தண்ணீர்ப் பூச்சியான டாப்னியாவுக்கு ஒரு மைக்ரோகிராமே அதிகம். கொல்லாத அளவிலும் நொதி குறையும். அப்போது மீன் மந்தமாக நீந்தும், இரை எடுக்காது, கொக்குக்கும் பாம்புக்கும் எளிதில் அகப்படும்.

இப்போது மருந்து அளக்கும் மூடிக்கு வருவோம். மூடியில் 10 மில்லி மருந்து இருந்தால் அதில் 2 கிராம் வீரியப் பொருள், அதாவது 20 லட்சம் மைக்ரோகிராம். அதை வாய்க்காலில் அலசினால், 2 லட்சம் லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வீதம் கலக்கப் போதும். முறைப்படி தெளித்த வயலைவிடக் கரையில் வைத்துக் கழுவிய தெளிப்பான் சில சமயம் பெரிய தீங்கு செய்கிறது. என்னிடம் வந்த அந்த ஊரிலும் தெளிப்பான்களைக் கழுவும் இடம் எது என்று கேட்டேன். குளத்துப் படித்துறை என்றார்கள். வடிகால் மடையைப் பற்றிச் சண்டையிட்ட இருவருக்கும் அது நினைவுக்கு வரவே இல்லை.

விஞ்ஞானிகள் கண்டது

இந்த முறை புதிதல்ல. 1958இல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் வைஸ் நன்னீர் மீன்களின் மூளையில் இந்த நொதியை அளந்து, பாஸ்பரஸ் மருந்து அதை எப்படி முடக்குகிறது என்று எழுதினார். 1961இல் எல்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் நொதியை அளக்க எளிய நிறச் சோதனை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் உலகெங்கும் அதுவே கையாளப்படுகிறது. 1967இல் புளோரிடாவின் கல்ப் பிரீஸ் ஆராய்ச்சி நிலையத்தார், கழிமுகங்களில் பூச்சி மருந்து மாசைக் கண்காணிக்க மீன் மூளை நொதியைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள்.

நம் நாட்டிலும் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் 1980களில் திலேப்பியா மீனில் மெத்தில் பாரத்தியான் மருந்து இந்த நொதியை எந்தெந்த உறுப்பில் எவ்வளவு குறைக்கிறது என்று ஆராய்ந்தார்கள். அந்த மெத்தில் பாரத்தியான் 2018ஆம் ஆண்டு இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

நெல் விவசாயிகளாகிய நமக்கு மிகவும் நெருங்கிய ஆராய்ச்சி வியத்நாமில் மீகாங் டெல்டாவில் நடந்தது. அங்குள்ள கான் தோ பல்கலைக்கழகத்தாரும் டென்மார்க் நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து, நாம் விரால் என்று சொல்லும் அதே மீனை எடுத்துக் கொண்டார்கள். 2006இலும் 2008இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். டையசினான் என்ற பாஸ்பரஸ் மருந்தால் விராலின் மூளை நொதி குறைந்தது. அந்தக் குறைவு நீண்ட நாள் நீடித்தது. பெனோபுகார்ப் என்ற கார்பமேட் மருந்தால் வந்த குறைவு விரைவில் சரியாகிவிட்டது. தளர்ந்த கட்டு, இறுகிய கட்டு என்று மேலே சொன்னது வயல் விராலிலேயே தெரிந்தது. டையசினான் நம் நாட்டில் முதலில் விவசாயத்திற்கு மட்டும் தடையாகி, 2018 முதல் முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

சோதனை செய்யும் விதம்

சோதனைச் சாலையில் மீனின் மூளையை எடுத்து, எடை போட்டு, குளிர்ந்த கரைசலில் அரைக்கிறார்கள். அதில் அசிட்டைல்கோலினைப் போன்ற ஒரு பொருளையும் நிறம் தரும் ஒரு ரசாயனத்தையும் சேர்க்கிறார்கள். நொதி சுறுசுறுப்பாக இருந்தால் கலவை விரைவில் மஞ்சளாகும். நொதி முடங்கியிருந்தால் நிறம் மெதுவாக ஏறும். நிறம் ஏறும் வேகத்தைக் கருவியில் அளந்தால் நொதியின் அளவு தெரியும்.

அந்த எண்ணை மட்டும் வைத்துக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. கெண்டைக்கும் விராலுக்கும் இயற்கையிலேயே நொதியின் அளவு வேறு. சிறிய மீனுக்கும் பெரிய மீனுக்கும் வேறு. தண்ணீரின் வெப்பமும் அதை மாற்றும். ஆகவே மருந்து படாத வேறொரு குளத்திலிருந்து அதே இனத்தில், அதே அளவில் மீன்களைப் பிடித்து அவற்றோடு ஒப்பிட வேண்டும்.

நல்ல மீனைவிட 20 சதத்திற்கு மேல் நொதி குறைந்திருந்தால், மருந்து பட்டிருக்கிறது என்று பொதுவாகக் கொள்வார்கள். மீன் செத்ததற்கே அதுதான் காரணம் என்று சொல்ல வேண்டுமானால் குறைவு இன்னும் மிக அதிகமாக இருக்க வேண்டும். 1974இல் வெளியான கழிமுக மீன் ஆராய்ச்சியில், சாவு ஏற்படும் நிலையில் 70 முதல் 80 சதமும் அதற்கு மேலும் குறைந்திருந்தது. சில இன மீன்கள் அவ்வளவு குறைந்தும் பிழைத்துக் கொள்வதுண்டு. ஆகையால் சாவின் காரணத்தைத் தீர்மானிக்கும்போது நொதி அளவோடு தண்ணீர்ச் சோதனையையும், ஊரில் அடித்த மருந்துகளின் விவரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எந்த வகை மருந்து என்பதையும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பாஸ்பரஸ் விஷத்திற்கு மருத்துவர்கள் கொடுக்கும் பாம் என்ற முறிவு மருந்தை அரைத்த மூளையில் சேர்த்தால், கட்டுண்ட நொதி ஓரளவு விடுபடும். விடுபட்டால் பாஸ்பரஸ் மருந்து எனலாம். சற்று வெதுவெதுப்பில் வைத்திருந்தாலே விடுபட்டால் கார்பமேட் எனலாம்.

நொதி சொல்லாத விஷயங்கள்

எந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். ஆனால் அவை இந்த நொதியைத் தொடுவதில்லை. நரம்பை வேறு வழியில் தாக்குகின்றன. 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த எண்டோசல்பானும் அப்படியே. இமிடாகுளோபிரிட் வகை மருந்துகளும் நொதியை விட்டு வேறு இடத்தில் வேலை செய்கின்றன. ஆகவே நொதி சரியாக இருந்தால் பாஸ்பரஸ், கார்பமேட் இரண்டும் காரணமல்ல என்று மட்டுமே சொல்லலாம். பூச்சி மருந்தே காரணமல்ல என்று சொல்லிவிடக் கூடாது. கார்பமேட்டின் கட்டு விரைவில் அவிழ்வதால், தாமதித்து எடுத்த மீனில் அதுவும் தப்பிவிடும்.

தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன் சாவதும் நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. இதைக் கண்ணால் பார்த்தே ஓரளவு பிரித்தறியலாம்:

1. பிராணவாயுக் குறைவு விடியற்காலையில்தான் மிகும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். மூடாக்கு வானத்தின்போதும், பாசி மொத்தமாக மடிந்த பிறகும் இது நேரும். பெரிய மீன்கள் முதலில் சாகும்.

2. மருந்தால் சாவது எந்த நேரத்திலும் நடக்கும். மீன்கள் சுழன்று, துடித்து, தலைகீழாக நீந்தும். பெரும்பாலும் சிறிய மீன்கள் முதலில் சாகும். தண்ணீர்ப் பூச்சிகளும் இறாலும் சேர்ந்து செத்துக் கிடக்கும்.

3. விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை மேலே வந்து காற்றைக் குடித்து வாழக்கூடியவை. தண்ணீரில் காற்று குறைந்தால் இவை எளிதில் சாவதில்லை. இவையும் செத்து மிதந்தால் விஷத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

மீன் செத்தால் என்ன செய்வது?

புதைப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்:

1. அழுகிய மீன் உதவாது. சாகும் தறுவாயில் உள்ள மீன் அல்லது அப்போதுதான் செத்த மீன், ஓர் இனத்திற்கு ஐந்து முதல் பத்து எடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள்.

2. பிளாஸ்டிக் பையில் கட்டி உடனே ஐஸ் கட்டியில் புதையுங்கள். அன்றே சோதனைச் சாலைக்குப் போக முடியாவிட்டால் உறைய வைப்பது நல்லது. சூட்டில் கிடந்தால் நொதி தானாகவே கெடும்.

3. மருந்துத் தண்ணீர் சேராத வேறு குளத்திலிருந்து அதே இன மீன்களையும் அதே மாதிரி எடுத்துத் தனிப் பையில் வையுங்கள். பலர் மறப்பது இதைத்தான். இது இல்லாவிட்டால் ஒப்பிட வழியில்லை.

4. சுத்தமான கண்ணாடிப் புட்டியில் குளத்துத் தண்ணீரும் வடிகால் தண்ணீரும் தனித்தனியே ஒரு லிட்டர் பிடித்து, வெயில் படாமல் குளிர்ச்சியாக வையுங்கள்.

5. நாள், நேரம், இடம், வானிலை, அக்கம்பக்கத்தில் யார் என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்பவற்றை எழுதுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் செய்தால் பின்னால் தகராறு வராது.

6. மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் வேளாண்மை விரிவாக்க அலுவலகத்துக்கும் அன்றே தகவல் கொடுங்கள். எல்லாச் சோதனைச் சாலையிலும் நொதிச் சோதனை செய்வதில்லை. எங்கு அனுப்புவது என்று முதலில் கேட்டு அனுப்புங்கள்.

7. செத்த மீனைச் சாப்பிடவோ, விற்கவோ, கோழிக்குப் போடவோ கூடாது.

அந்த நொதி உங்களிடமும் இருக்கிறது

என்னிடம் வந்த நெல் விவசாயி எழுந்து போகும்போது வேறொரு செய்தியைச் சொன்னார். மருந்து தெளித்த ஆளுக்கு அன்று மாலை தலைவலி, வாந்தி, கண் மங்கலாகத் தெரிந்ததாம். வெயில் தாங்கவில்லை என்று மோர் குடித்துப் படுத்துவிட்டாராம். மீன் செத்ததற்குப் பஞ்சாயத்துக் கூடிய அந்த ஊரில், அந்தக் கூலியாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மீனுக்கு நடந்தது அவருக்கும் நடந்திருக்கக்கூடும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் மருந்து உள்ளே போய், மனிதனின் நொதியையும் கட்டுகிறது. ரத்தப் பரிசோதனையில் இதை அளக்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், இவ்வகை மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளர்களுக்கு 1974 முதல் இந்தச் சோதனை கட்டாயம். மருந்தைத் தொடுவதற்கு முன்பே ஒரு முறை அளந்து வைத்துக் கொள்கிறார்கள். பிறகு அந்த அளவில் 80 சதத்திற்குக் கீழே போனால், வேலை செய்யும் முறையை ஆராய்கிறார்கள். ரத்தச் சிவப்பணுவின் நொதி 70 சதத்துக்கோ, ரத்த நீரின் நொதி 60 சதத்துக்கோ இறங்கினால், அந்த ஆளை மருந்து வேலையிலிருந்து விலக்குகிறார்கள். மறுபடி 80 சதத்தை எட்டிய பிறகே சேர்க்கிறார்கள். சிவப்பணுவில் இழந்த நொதி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதம் வீதமே திரும்புகிறது. ஆகவே இன்று ஒரு வயல், நாளை ஒரு வயல் என்று சீசன் முழுவதும் கூலிக்கு மருந்து அடிப்பவருக்கு இழப்பு சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் வழக்கமான வேலையிலேயே மயங்கி விழுவார்.

தலைவலி, மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், வாந்தி, வயிற்று வலி, கண்மணி ஊசிமுனை போல் சுருங்குதல், சதைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை அடையாளங்கள். இவற்றில் எது தெரிந்தாலும் உடனே வேலையை நிறுத்தி, ஆளை வயலை விட்டு அகற்றுங்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108 வண்டியை அழைத்து, மருந்து டப்பாவையோ அதன் சீட்டையோ கையோடு கொண்டு போங்கள். அதைப் பார்த்துத்தான் மருத்துவர் அட்ரோபின், பாம் முதலிய முறிவு மருந்துகளைத் தீர்மானிப்பார். மோர் இதற்கு முறிவு அல்ல.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பூச்சியைக் கண்டதும் மருந்தைத் தேடாதீர்கள். இலைச்சுருட்டுப் புழு வளர்ச்சிப் பருவத்தில் 10 சத இலைகளைத் தாக்கினால், அல்லது பூக்கும் தருணத்தில் கண்ணாடி இலையில் 5 சதம் தாக்கினால், அப்போதுதான் மருந்து. குருத்துப்பூச்சிக்குச் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது 10 சதம் நடுக்குருத்துக் காய்தல். புகையானுக்குத் தூருக்கு ஒன்று. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

2. டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறம் மனிதருக்கு உள்ள ஆபத்தைக் குறிப்பது. சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. மீனுக்கு உள்ள ஆபத்தை அது குறிக்காது. நீல முக்கோணம் உள்ள மருந்தும் மீனை அடியோடு அழிக்கலாம். சீட்டில் மீனைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்து, அல்லது படிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

3. தெளிப்பதற்கு முன் வடிமடையை அடைத்து வரப்பில் உள்ள நண்டு வளைகளை மூடுங்கள். தெளித்த பின் குறைந்தது ஒரு வாரம் அந்தத் தண்ணீரை வெளியே விடாதீர்கள். மழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பதைத் தள்ளிப் போடுங்கள்.

4. புகையான் போன்றவற்றுக்குத் தண்ணீரை வடித்துத் தெளிக்க வேண்டியிருந்தால், முதலில் நல்ல தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு மடையை அடைத்து மருந்து தெளியுங்கள். தெளித்துவிட்டு வடிப்பது தவறு.

5. நெல் வயலில் மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரை மெதுவாக இறக்கி, மீன்களைக் குழிக்கும் காலுக்கும் வரச் செய்து, அவற்றைத் தனியே அடைத்த பின்பே தெளிக்க வேண்டும். மருந்தே இல்லாமல் சமாளிப்பது இன்னும் நல்லது.

6. தெளிப்பானையும் மூடியையும் கழுவிய தண்ணீரை, தெளித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள். குளம், வாய்க்கால், கிணற்றடி ஆகிய இடங்களில் கழுவாதீர்கள். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவை நசுக்குங்கள்.

7. மருந்து அடிக்கும் ஆளுக்கு முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்துணி கொடுப்பது நிலச் சொந்தக்காரரின் கடமை. தொடர்ந்து பல நாள் அவரையே அனுப்பாதீர்கள்.

8. மடைவாயில் மூங்கில் கூட்டிலோ வலைப்பையிலோ நாலைந்து கெண்டைக் குஞ்சுகளை விட்டு வைத்துப் பார்த்து வரலாம். அவை மந்தமானாலோ துடித்தாலோ மடையைத் திறக்கும் நேரம் இன்னும் வரவில்லை. இது சோதனைச் சாலை முடிவுக்கு ஈடாகாது. ஆனால் செலவில்லாத எச்சரிக்கை.

அந்த ஊருக்கு அடுத்த சம்பாவின்போது நான் போயிருந்தேன். குளத்துப் படித்துறையில் தெளிப்பான் கழுவக் கூடாது என்று பஞ்சாயத்தில் முடிவு செய்திருந்தார்கள். அன்று மீன் எதனால் செத்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. குத்தகைக்காரரும் நெல் விவசாயியும் பேசிக் கொள்கிறார்களா என்று கேட்டேன். "கரும காரியத்துக்கு வந்தார், ஐயா" என்று மட்டும் பதில் வந்தது. உங்கள் ஊரில் இப்படி ஒரு காலை விடிந்தால், வாய்ச்சண்டை தொடங்கும் முன் பத்து மீனை ஐஸில் வையுங்கள். அதோடு, மருந்து அடித்த ஆள் எப்படி இருக்கிறார் என்று போய்ப் பாருங்கள்.